குல்தூம் ராத்தாவின் நீல ஜக்கு

எங்கள் ஆஸ்பத்திரியின் ஸ்கான் அறையில் பதினொரு வருடமாக அறிக்கை தட்டச்சு செய்கிறேன். டொக்டர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் சொல்கிறேன். அதில் ஒரு வசனம் அடிக்கடி வரும். ‘சிறுநீர்ப்பை போதியளவு நிரம்பவில்லை. நிரம்பிய நிலையில் மீண்டும் ஸ்கான் செய்யவும்.’ ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இதை எழுத்தெழுத்தாக அடிக்க எனக்கென்ன விசரா? கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன். டொக்டர் “தண்ணி” என்று ஒரு சொல் சொன்னால் ஒரு விசையைத் தட்டுவேன், முழு வசனமும் வந்து விழும்.

அந்த வசனம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உம்மு குல்தூமின் வேலை. எங்கள் எல்லோருக்கும் அவர் குல்தூம் ராத்தா, அதாவது அக்கா.

அவருடைய பதவி சிற்றூழியர். கதவைத் திறந்து பெயர் கூப்பிடுவது, வயிற்றில் ஜெல் பூசுவது, பிறகு துடைப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது, இவ்வளவும்தான் கடமைப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க வைப்பது அதில் இல்லை. ஆனால் ஸ்கான் அறையில் அதுதான் முக்கால்வாசி வேலை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை மேலே தள்ளிவிடும், பின்னால் இருக்கும் கருப்பை வடிவாகத் தெரியும். காலியாக இருந்தால் குடல் வந்து மறைத்துக்கொள்ளும், டொக்டருக்குத் தெரிவதெல்லாம் சாம்பல் நிறக் குழப்பம் மட்டும். உள்ளே வைத்துப் பார்க்கிற கருவி ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீரே தேவையில்லை. நான் சொல்லப்போகிற நாளில் எங்களுடையது பழுதாகித் திருத்தப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. போனது போனதுதான்.

ஆகவே குல்தூம் ராத்தாவும் அவருடைய நீல ஜக்கும்தான் எங்கள் கருவி. வாசல் வாங்கில் இருக்கிற பெண்களுக்கு நாலு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி ஊற்றிக் கொடுப்பார். வவுணதீவுப் பக்கத்திலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, செங்கலடிச் சந்தியில் கடை வைத்திருக்கிறவரின் மனைவியாக இருந்தாலும் சரி, அவருக்கு ஒரே ஏச்சுத்தான்.

“என்னகா, ரெண்டு முடறு குடிச்சிட்டு முட்டிட்டு எண்டுறாய்? டொக்டருக்கு நான் என்னத்தக் காட்டுற?”

யாருக்கு நிரம்பியிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார். “சிரிக்கிற பொம்புளைக்கி இன்னம் முட்டல்ல தம்பி. பக்கத்தில இரிக்கிறவ பேசினா மறுமொழி செல்லாம இரிக்கா பாருங்க, அவவ முதல்ல கூப்பிடுவம்.” ஒரேயொரு நாளைத் தவிர அந்தக் கணக்கு பிழைத்ததில்லை. அவர் லீவு போட்ட நாட்களில் நான் அந்த விசையைத் தட்டித் தட்டி விரல் நொந்திருக்கிறேன்.

ஏறாவூர்க்காரி. கணவர் உசனார் சைக்கிளில் பூப்போட்ட சீத்தைத் துணி கட்டி, வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர். ஒரு நாள் வியாபாரம் முடிந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. ராத்தாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, மகள் ஹிதாயாவுக்கு ஆறு. மறுமணம் பேசி வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தார். அதிலிருந்து ஸ்கான் அறை. மகளைப் படிக்க வைத்து, வீட்டோடு ஒரு அறையை நீட்டிக் கட்டி, மாப்பிள்ளையும் எடுத்தார். மாப்பிள்ளை நஸீர் கல்யாணம் முடிந்து அஞ்சாம் மாதம் கட்டாருக்குத் திரும்பிப் போனார். போன வருடம் ஹிதாயாவுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, சுகப்பிரசவம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி முழுக்க ராத்தா தொதல் இனிப்பு பங்கிட்டார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

பிள்ளை பெற்ற வீட்டுச் சட்டத்தில் எங்கள் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது நாள். அதற்குள் தாய்க்காரிக்குப் பச்சைத் தண்ணீர் கண்ணிலும் காட்டக் கூடாது. குடித்தால் வயிறு ஊதும், உள்ளே புண் ஆறாது என்பார்கள். சரக்கு அரைத்த கறியும் சோறும், தொண்டையை நனைக்கக் கொத்தமல்லி அவித்த தண்ணீர் சிறிய கோப்பையில் இரண்டு வேளை. அவ்வளவுதான். இப்படி வறண்டு கிடக்கிற பெண்ணை ஸ்கானுக்கு அனுப்பினால் என்ன தெரியும்? பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சலோடு வந்தால் கருப்பையில் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கான் எழுதுவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் காய்ந்த வயிற்றோடு வருவார்கள். கூட வந்த மாமிமார் டம்ளரைப் பறிப்பார்கள். குல்தூம் ராத்தா விடமாட்டார். அந்த மாமிமாரோடு அவர் பிடித்த சண்டைகளை எழுதினால் ஒரு புத்தகம் வரும்.

“மாமி, ஒங்கட மருமகளுக்கு வயிறு ஊதினா நான் பொறுப்பு. எழுதித் தாறன். இப்ப டம்ளர விடுங்க.”

அந்த ராத்தாதான். அதே வாய்தான் தன் மகளிடம் வேறு கதை பேசியது. இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஹிதாயாவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. மார்பு கல்லுப் போல இருந்ததால் பால் கட்டின காய்ச்சல் என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். ராத்தாவும் அதைத்தான் நம்பினார். பனடோல் கொடுக்கக் குறைந்தது, பிறகு வந்தது. பத்தாம் நாள் அரசாங்க மருத்துவிச்சியான குடும்ப நல மாது றஜிதா வீட்டுக்குப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறி, உடனே கிளினிக்கில் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் வார்ட்டில் படுக்கச் சொன்னார். பச்சை உடம்புக்காரியை அந்தக் காற்றாடிக்குக் கீழே போடவா, நான் ஆஸ்பத்திரிக்காரிதானே, வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று ராத்தா கெஞ்சினார். தெரிந்த ஆள் கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் மாட்டோம் என்று சொல்வதில்லை. குளிசையும் ஸ்கான் துண்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஸ்கான் டொக்டர் எங்களுக்குச் சொந்தமில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருவார், வெள்ளியில் பன்னிரண்டு மணிக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். ஹிதாயா வந்தது பதின்மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. ராத்தா அன்றைக்குக் கடமையில் இருந்தார். ராத்தாவின் ஒன்றுவிட்ட தங்கச்சிக்காரி முச்சக்கர வண்டியில் ஹிதாயாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளையைப் பார்க்கவென்று திரும்பிப் போனார். ஹிதாயா தலை முதல் கால் வரை மூடியிருந்தாள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. நான் “எப்பிடி மகள் சுகம்?” என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். பேசவில்லை. மறுமொழி சொல்லாத பெண்ணுக்கு நிரம்பிவிட்டது என்ற ராத்தாவின் கணக்கு அன்றைக்குத்தான் பிழைத்தது.

டொக்டர் கருவியை வயிற்றில் வைத்து இரண்டு தரம் அங்கும் இங்கும் ஓட்டினார். “என்ன ராத்தா, ஒரு சொட்டும் இல்லையே. நீங்களே இப்பிடிக் கொண்டு வந்தா நான் மற்ற ஆக்களுக்கு என்னத்தச் சொல்லுற?”

ராத்தா ஜெல்லைத் துடைத்தார்.

“இப்ப பதினொண்டே காலாகுது. பன்னிரண்டு மட்டும் இருப்பன். ஒரு லீற்றர் குடிக்க வையுங்க. கடைசியா இவவத்தான் பாப்பன்” என்றார் டொக்டர்.

டொக்டர் சொன்னது தாராளமான நேரம். மற்றப் பெண்களுக்கு அவ்வளவும் கிடைப்பதில்லை.

ராத்தா நீல ஜக்கை நிரப்பிக்கொண்டு போனார். என் மேசையிலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியே வாங்கு தெரியும். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஹிதாயா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். மூன்று முடறு போயிருக்கும், ராத்தா டம்ளரைப் பிடித்து இழுத்தார்.

“காணும் மகள்.”

“உம்மா, இன்னங் கொஞ்சம் தாங்க.”

“காணும் எண்டுறன். இது பச்சத் தண்ணி. பதின்மூணு நாளும் காப்பாத்திட்டு இண்டைக்கா?”

நான் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். “ராத்தா, டொக்டர் ஒரு லீற்றர் எண்டார்.”

“குடுக்கன் தம்பி, மெல்ல மெல்லக் குடுக்கன்.”

கொடுக்கவில்லை. தன் போத்தலில் கொண்டுவந்திருந்த கொத்தமல்லித் தண்ணீரை மூடியில் ஊற்றி, ஊதி ஊதி, பூனைக்குட்டிக்குப் பால் வைப்பது போல வைத்தார். அதுவும் இரண்டு மூடி. ஜக்கு நிறைந்தபடி வாங்குக்குக் கீழே இருந்தது. எனக்குத் தெரிந்தது. முக்கால் மணித்தியாலமும் எனக்குத் தெரிந்தது. நான் எழும்பிப் போய் அந்த ஜக்கைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். வார்ட் நாற்பது அடி தூரத்தில் இருந்தது, ஒரு நேர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் முன்னால் அடிக்க வேண்டிய அறிக்கைகள் கிடந்தன. வெள்ளிக்கிழமை, நேரத்தோடு முடித்து நாவற்குடாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன். தாய் இருக்கும்போது நான் யார் இடையில் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு. இன்றைக்கும் பழுதாகாமல் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவளை மறுபடி கிடத்தினார்கள். டொக்டர் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “இப்பவும் காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டார்.

“பால் கட்டின காய்ச்சல்தான் டொக்டர். இப்ப குறைஞ்சிட்டு” என்றார் ராத்தா.

அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அந்தப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு மின்சாரமும் தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை.

“தண்ணி” என்றார் டொக்டர். அறிக்கையின் மேலே யாருடைய பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் விசையைத் தட்டினேன். செவ்வாய்க்கிழமைக்கு முதலாம் நம்பர் போட்டுக் கொடுத்தேன். பெரிய உதவி செய்தவன் மாதிரி.

ஞாயிறு மத்தியானம் ஹிதாயா தாயை அடையாளம் தெரியாமல் “நீங்க யாரு?” என்று கேட்டாளாம். பிறகு நடுக்கம், பிறகு பேச்சே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து அம்புலன்ஸில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். செய்தி கேட்டு நான் மோட்டார் சைக்கிளில் போனேன். அங்கே யாரும் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. ஒரு நேர்ஸ் வந்து சிறுநீர்க் குழாய் போட்டு, அதன் வழியாகவே சேலைன் ஏற்றிச் சிறுநீர்ப்பையை நிரப்பினார். ஐந்து நிமிடம். படம் கண்ணாடி போலத் தெரிந்தது. நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகியிருந்தது, கருப்பை முழுக்கச் சீழ். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கானும் எடுத்தார்கள். அது கருப்பையைத் தாண்டிப் போயிருந்தது.

அதே குழாய் எங்கள் வார்ட் அலுமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அது டொக்டருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தண்ணீர் குடிக்க வைப்பது ராத்தாவின் வேலை என்று இத்தனை வருடமாக எல்லோரும் விட்டுவிட்டோம்.

உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். கட்டாரிலிருந்து நஸீர் ஃபோனில் அழுதுகொண்டே சம்மதம் சொன்னார். ராத்தா கையெழுத்து வைத்தார். இருபத்திநாலு வயதுப் பிள்ளை.

சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ராத்தா என் பக்கத்தில் இருந்தார். அழவில்லை. திடீரென்று ஒரு கதையைச் சொன்னார். சண்டைக் காலம், அவருக்குப் பத்தொன்பது வயது. ஒரு வயது இளைய தங்கச்சி வீட்டில் பிள்ளை பெற்று ஏழாம் நாள் காய்ச்சலில் எரிந்து கிடந்தாள். பாதை பூட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

“தண்ணி, தண்ணி எண்டு என்ட சட்டையப் புடிச்சுக் கேட்டாள் தம்பி. ஒருத்தருக்கும் தெரியாமக் கிணத்துத் தண்ணி ஒரு செம்பு குடுத்தன். இன்னங் கொஞ்சம் எண்டாள். அதையும் குடுத்தன். விடியக்குள்ள மௌத்து. ஆரு பச்சத் தண்ணி குடுத்த, ஆரு குடுத்த எண்டு எல்லாரும் கேட்டாங்க. நான் வாயத் திறக்கல்ல. இண்டைக்குத்தான் செல்லுறன்.”

காய்ச்சல் எரித்ததால்தான் அந்தப் பெண்ணுக்குத் தாகம். தாகத்துக்குத்தான் தண்ணீர். கொன்றது உள்ளே இருந்த சீழ், பழி விழுந்தது செம்பின் மேல். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மனுசி தங்கச்சியைக் கொன்றவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

“மத்தவங்கட புள்ளைகளுக்குக் குடுக்கக்குள்ள பிஸ்மி செல்லித்தான் குடுப்பன். அல்லா பாத்துக்குவான் எண்டு ஒரு தைரியம். என்ட புள்ள அதே மாதிரி ‘இன்னங் கொஞ்சம்’ எண்டதும் எனக்குக் கை வரல்ல தம்பி” என்றார்.

தங்கச்சியை நீங்கள் கொல்லவில்லை ராத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மகளைப் பற்றிய அடுத்த வசனம் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விசாரணை நடந்தது. ஒரு மேசை, நாலு பேர், தேத்தண்ணி, பட்டிஸ். பழுதான கருவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர் என்பதற்காக வார்ட்டில் போடாமல் விட்டதைப் பற்றியும் கேட்கவில்லை. ‘நோயாளி போதியளவு நீர் அருந்தி வராமையினால் நோயறிதல் தாமதமானது’ என்று முடித்தார்கள். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். நீர் அருந்த விடாமல் டம்ளரை இழுத்தபோது கதவுக்கு உள்ளே ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ராத்தா இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். அதே வாங்கு, அதே நீல ஜக்கு. ஏச்சு மட்டும் இல்லை. டம்ளரை நீட்டுவார், குடித்து முடியும்வரை பக்கத்தில் நிற்பார். மாமிமார் பறித்தால் சண்டை பிடிப்பதில்லை, அவர்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அவர்கள் டம்ளரை விட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஹிதாயா வந்தாள். உள்ளே மறுபடி எங்காவது சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மெலிந்து, ஆனால் நடந்து வந்தாள். இடுப்பில் பிள்ளை. வாங்கில் இருந்து பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, ஜக்கைத் தானே எடுத்து ஊற்றிக் குடித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து டம்ளர். மூச்சு விடாமல் குடித்தாள். காணும் என்று யாரும் சொல்லவில்லை. ராத்தா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

டொக்டர் கருவியை வைத்தார். “ஆ, இப்பிடித்தான் வரவேணும்” என்றார். வழக்கமாகச் சொல்வது, வாயில் வந்துவிட்டது. பிறகு தொண்டையைச் செருமினார்.

நன்றாக நிரம்பி வருகிறவர்களுக்கும் என்னிடம் ஒரு விசை உண்டு. தட்டினேன். ‘சிறுநீர்ப்பை நன்கு நிரம்பியுள்ளது. குறைபாடு இல்லை.’ அடுத்த வரியில் கருப்பையின் நீள அகலம் வரும். ஹிதாயாவின் வரிக்கு என்னிடம் விசை இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ‘கருப்பை அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றப்பட்டுள்ளது.’

ராத்தா மகளின் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தார். தழும்பு இருந்த இடத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தார்.

“எல்லாம் வடிவாத் தெரியுதா தம்பி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஓம் ராத்தா” என்றேன். “வடிவாத் தெரியுது.”